பரிசில் வாழ்க்கையும் தலைமைப் பண்பும்

பதினேழு வயதுப் பிள்ளையை அழைத்து உட்காரவைத்து, "நீ எவ்வாறு ஒரு தலைவனாய் விளங்குகிறாய் என்பதைச் சில நூறு சொற்களுக்குள் எழுதித் தருக, எங்களுக்கு மனநிறைவு ஏற்பட்டால் உன் படிப்புக்குப் பணம் தருவோம்" என்று கேட்பது முறைதானா? அமெரிக்காவில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் பல்லாயிரம் வீடுகளில் இந்தக் கேள்வி வேறு வடிவில் கேட்கப்படுகிறது. எப்படி எழுதினால் பணம் கிடைக்கும் என்பதே அந்த வடிவம்.

பன்னிரண்டாம் வகுப்பை அங்கே 'சீனியர்' ஆண்டு என்கிறார்கள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த கையோடு தலைமைப் பண்புக்கான உதவித்தொகைப் போட்டிகளின் பருவம் தொடங்கிவிடும். குளிர்பான நிறுவனம் முதல் ஊர்ச் சங்கம் வரை பலரும் தலைவர்களைத் தேடிப் புறப்படுவார்கள். பெயர் பெற்ற ஒன்றைச் சொல்வோம். கோகோ கோலா நிறுவனம் தன் நூற்றாண்டை ஒட்டி 1986இல் நிறுவிய கல்வி அறக்கட்டளை ஆண்டுக்கு 150 மாணவர்களைத் தேர்ந்து ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்குகிறது. அண்மை ஆண்டுகளில் விண்ணப்பிப்போர் தொகை லட்சத்தைத் தொட்டுவிட்டது. ஆயிரம் பேர் கைநீட்டினால் இருவருக்குக்கூடக் கிடைப்பதில்லை என்று பொருள். குடும்பத்தின் வறுமையை அளந்து தரும் கொடையன்று இது. படிப்பில் சாதனை, தலைமை, தொண்டு ஆகியவற்றை அளந்து தருவது. எல்க்ஸ் என்னும் சகோதரச் சங்கத்தின் அறக்கட்டளை ஆண்டுக்கு 500 பேருக்கு நான்காண்டு உதவித்தொகை தருகிறது. அங்கே படிப்பு, தலைமை இரண்டோடு பணத்தேவையும் கணக்கில் வருகிறது என்பதால் அதன்மீது நமக்குச் சற்று மதிப்புண்டு. (1973 வரை வெள்ளையர் அல்லாதாரையும் 1995 வரை பெண்களையும் உறுப்பினராகச் சேர்க்காத சங்கம் அது என்பதையும், தலைமைக்கு இலக்கணம் வகுத்தவர்கள் யார் யார் என்று அறிய விரும்புவோர் மறக்க வேண்டாம்.)

கொடையை நாம் பழிக்கவில்லை. கொடுப்பாரையும் கொள்வாரையும் ஈராயிரம் ஆண்டுகளாகப் பாடிவந்த இலக்கியத்தைக் கற்பித்துப் பிழைக்கும் நமக்கு அது பொருந்தாது. மாணவர் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்கிறார்களே என்றும் நாம் முகம் சுளிக்கவில்லை. தமிழாசிரியர் என்றால் அப்படித்தான் சுளிப்பார் என்று எதிர்பார்க்கும் நண்பர்கள் நன்னூலைப் புரட்ட வேண்டும். எத்துணைப் பெரிய நூல் செய்தவனும் தன்னைத் தான் புகழ்வது தகாது என்று விதித்த பவணந்தி முனிவர், அடுத்த நூற்பாவிலேயே விலக்குகளையும் வைத்தார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போது புகழ்ந்துகொள்ளலாம்; தன் ஆற்றலை அறியாதார் நடுவே புகழ்ந்துகொள்ளலாம்; அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்த காலத்திலும் புகழ்ந்துகொள்ளலாம். உதவித்தொகை விண்ணப்பம் எழுதும் பிள்ளைக்கு இந்நான்கில் முதல் மூன்றும் அப்படியே பொருந்துகின்றன. முன்பின் அறியாத செல்வரின் வாயிலுக்கு ஓலை விடுக்கிறது. லட்சம் பேர் கூடிய அவையில் வெல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே பிள்ளையின்மேல் குற்றமில்லை. ஓலையைப் படிப்பவர்பால்தான் நம் வழக்கு.

படிப்பவருக்கு என்ன கடமை? புறநானூற்றில் கபிலர் திருமுடிக்காரியிடம் வைத்த முறையீடு ஒன்றுண்டு. கொடுப்பது எளிது, வந்தவர் ஒவ்வொருவரின் வரிசையை அறிவதே அரிது, ஆகவே எல்லோரையும் ஒரே பொதுநோக்கில் பார்ப்பதை விடுக என்பது அதன் கருத்து. அதே தொகையில் பெருஞ்சித்திரனார், தம்மைக் காணாமலே பரிசிலை அனுப்பிவைத்த அதியமானிடம் அதை ஏற்க மறுத்துச் சினந்தார். காணாமல் கொடுத்தால் வாங்குபவன் வணிகனாகிவிடுகிறான் என்பது அவர் கட்சி. லட்சம் விண்ணப்பம் வந்து குவியும் இடத்தில் 'காண்பது' எவ்வாறு இயலும்? இயலாது. காண இயலாதபோது கொடுப்பவனுக்கு ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. மன்றத் தலைவர், அணித் தலைவர், அமைப்பின் நிறுவனர் என்று படிவத்தின் கட்டங்களில் அடங்கும் பதவிப் பெயர்களே அந்த அளவுகோல். 'தலைமை' என்று தூக்கிப் பிடிக்கப்படும் பண்பு நடைமுறையில் பதவிகளின் பட்டியலாகச் சுருங்கிவிடுவது இப்படித்தான்.

இந்தச் சொல் கல்விக் கொடைக்குள் எவ்வழியாக நுழைந்தது என்று பார்த்தால் நம் ஐயம் இன்னும் வலுக்கிறது. 1902இல் இறந்த செசில் ரோட்ஸ் வைரத்தில் பொருளீட்டியவர். தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்தில் பிரதமராயிருந்து, கறுப்பின மக்களின் நில உரிமையை நெரித்த 1894ஆம் ஆண்டு கிளென் கிரே சட்டத்தைக் கொண்டுவந்தவர். அவருடைய உயிலில் பிறந்ததே ஆக்ஸ்ஃபோர்டின் ரோட்ஸ் உதவித்தொகை. தம் பணத்தைப் பெறுவோர் வெறும் புத்தகப் புழுக்களாக இருக்கலாகாது என்று உயிலிலேயே எழுதிவைத்தார். படிப்போடு ஆண்மைக்குரிய வெளிவிளையாட்டுகளில் நாட்டமும், பள்ளிப் பருவத்திலேயே தலைமை தாங்கும் இயல்பூக்கமும் வேண்டும் என்றார். பேரரசை ஆள ஆள் எடுத்த அளவுகோல் அது. பெண்களுக்கு அதில் இடம் கிடைக்க 1976 ஆயிற்று. பட்டமேற்படிப்புக்கான அந்த முன்மாதிரியைப் பள்ளி முடிக்கும் மாணவர்பால் இறக்கிக்கொண்டது வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் மோர்ஹெட் உதவித்தொகை. 1945இல் ஏற்பட்ட அதுவே இன்று மோர்ஹெட்-கெய்ன் என வழங்குகிறது. மற்றவையெல்லாம் ஏறக்குறைய அதே குடும்பத்தின் கிளைகள். புத்தகப் புழுக்களான நாம் இதைப் படிக்கும்போது சிறிது நெளிந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது வழி இன்னும் இருண்டது. ஜெரோம் கராபெல் 2005இல் வெளியிட்ட 'தி சோசன்' என்ற பெருநூலில் அது விரிவாகப் பேசப்படுகிறது. 1920களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் சேர்ந்த மாணவரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் யூதர்கள். தேர்வில் அவர்களைத் தடுக்க முடியவில்லை. பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் லோவெல் 1922இல் வெளிப்படையாகவே ஒதுக்கீட்டு வரம்பு விதிக்க முயன்றார். ஆசிரியர் அவை அதற்கு இடம் கொடுக்கவில்லை. வரம்பு என்ற சொல்லைக் கைவிட்டு 'குணநலன்', 'ஆளுமை', 'தலைமை' என்ற சொற்களைக் கையிலெடுத்தபோது எதிர்ப்பு அடங்கிவிட்டது. 1926இல் சேர்க்கை முறை மாறியது. யூத மாணவர் எண்ணிக்கையும் சரிந்தது. மதிப்பெண்ணைப் போல் எண்ணிக் காட்ட முடியாத பண்பு ஒன்று நுழைவாயிலில் நின்றால், யாரை உள்ளே விடுவது என்பது வாயிற்காவலனின் விருப்பம். நூறாண்டு கழித்தும் அந்த நிழல் விலகவில்லை. ஹார்வர்டின் மீது தொடுக்கப்பட்டு 2023இல் உச்சநீதிமன்றத்தில் முடிந்த வழக்கில், ஆசிய அமெரிக்க மாணவருக்கு 'ஆளுமை' மதிப்பீடு சராசரியில் குறைவாகவே விழுந்திருந்தது வெளிப்பட்டது. வேண்டுமென்றே செய்தார்கள் என்பதை விசாரணை நீதிமன்றம் ஏற்கவில்லை. நாமும் அப்படிச் சொல்லவில்லை. வேண்டுமென்று செய்யாமலே இது நிகழும் என்பதுதான் நம் அச்சம்.

நிற்க. அச்சத்துக்கு ஒரு முகம் வேண்டும் அல்லவா?

நம்மோடு முதுகலை பயின்று, மணமாகி, நியூ ஜெர்சியில் குடியேறிய தோழி ஒருவர் தம் மகளின் உதவித்தொகைக் கட்டுரையைப் பார்வையிடும்படி மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். இரண்டு வரைவுகள் இருந்தன. முதல் வரைவில் அப்பெண் தன் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். தந்தை வழிப் பாட்டி. மறதி நோய் கண்டவர். தமிழன்றி வேறு மொழி அறியாதவர். பெற்றோர் இருவரும் வேலையிலிருந்து திரும்பும்வரை, பள்ளி விட்டு வந்ததிலிருந்து இரவு எட்டு மணி வரை இரண்டாண்டுகளாகப் பேத்திதான் துணை. மருத்துவர் கேட்பதைப் பாட்டிக்குத் தமிழிலும், பாட்டி சொல்வதை மருத்துவருக்கு ஆங்கிலத்திலும் மாற்றிச் சொல்வாள். பாட்டி சொல்வதில் பாதி நாற்பதாண்டுக்கு முன் நடந்தவை. எதை மொழிபெயர்ப்பது, எதை விடுவது என்று அவளே தீர்மானிக்க வேண்டும். தனக்குத் தெரிந்த சொற்களில், அலங்காரமின்றி, இதை எழுதியிருந்தாள்.

இரண்டாவது வரைவு கட்டணம் வாங்கும் ஆலோசகர் ஒருவரின் கைபட்டது. முதல் வரைவின் ஓரத்தில் அவர் எழுதிய குறிப்பையும் தோழி சேர்த்தனுப்பியிருந்தார்: இது பராமரிப்பு, தலைமை அன்று. ஆகவே முதியோர் நலனுக்கென ஓர் அமைப்பு தொடங்கப்பட்டிருந்தது. அதற்கு இணையதளம் உண்டு, சின்னம் உண்டு. நிறுவனர், தலைவர் இரண்டும் அவளே. உறுப்பினர் அவளும் இரு பள்ளித் தோழியரும். பாட்டி ஒரே வாக்கியத்தில் 'எனக்கு உந்துதல் அளித்தவர்' ஆகியிருந்தார். முதல் வரைவையே அனுப்புங்கள் என்று நாம் எழுதினோம். "அதற்குப் பணம் கிடைக்குமா?" என்று ஒரே வரியில் பதில் வந்தது. கிடைக்கும் என்று உறுதி சொல்ல நம்மால் முடியவில்லை. தோழியின் கேள்வியில் பேராசை ஏதுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில தனியார் பல்கலைக்கழகங்களில் ஓராண்டுச் செலவு இன்று 90,000 டாலரைத் தாண்டி நிற்கிறது. நாலு மணி முதல் எட்டு மணி வரை வீட்டிலிருக்க வேண்டிய பெண் எந்த மன்றத்துக்குத் தலைவராவாள்?

இது ஒரு வீட்டுக் கதையென்று தள்ளிவிட வேண்டாம். கடையில் பகுதிநேர வேலை பார்த்துக் குடும்பத்துக்குப் பணம் தருபவன், தம்பி தங்கையரைச் சமைத்து ஊட்டிப் பள்ளிக்கு அனுப்புபவள், குடிபெயர்ந்த பெற்றோருக்காகப் பன்னிரண்டு வயதிலேயே அரசாங்கக் கடிதங்களுக்குப் பதில் எழுதுபவன் ஆகியோர் அந்நாட்டில் எங்கும் இருக்கிறார்கள். பள்ளி முடிந்த பின் மீதமிருக்கும் நேரம் பணத்தைப் போலவே ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. தலைமைக்கான பதவிகளோ அந்த மீதநேரத்தில்தான் விளைகின்றன. ஹார்வர்டின் கல்வியியல் துறையைச் சார்ந்த குழு ஒன்று 2016இல் 'டர்னிங் த டைட்' என்ற அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டது. வீட்டுப் பொறுப்புகளையும் கூலி வேலையையும் தொண்டுக்கு நிகராக எண்ண வேண்டும், செயல்பாடுகளின் நீண்ட பட்டியலைக் கேட்டு வாங்குவதைக் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பல சேர்க்கை அலுவலர்கள் அதற்கு ஒப்புதலும் தந்தார்கள். ஆலோசகரின் ஓரக்குறிப்பு அதற்குப் பல ஆண்டுகள் பிந்தியது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

உரைநடைக்கு நேரும் கேட்டையும் சொல்லாமல் விட்டால் இங்கே நாம் எழுதுவதற்கே பொருளில்லை. இக்கட்டுரைகளுக்கென்று ஓர் இலக்கணம் உருவாகிவிட்டது. முதல் வரியில் ஒரு காட்சி, பிறகு ஓர் இடர், இடரிலிருந்து பாடம், பாடத்திலிருந்து அமைப்பு, அமைப்பால் பயனடைந்தோர் எண்ணிக்கை, இறுதியில் உலகை மாற்றும் உறுதி. துயரம் அங்கே மூலதனம். இறந்த தந்தையும் நோயுற்ற தாயும் மூன்றாம் பத்திக்குள் பயன்தர வேண்டும். சிற்றிலக்கியங்களின் வாய்பாட்டைக் கேலி செய்பவர்கள் இதைப் படித்தால் கலம்பகத்தின்மேல் அன்பு கொள்வார்கள். வாய்பாடு எல்லாக் காலத்திலும் உண்டு, அதனால் கேடில்லை. ஆனால் கலம்பகம் பாடிய புலவன் பாட்டுடைத் தலைவனைத்தான் மிகைப்படுத்தினான். இங்கே பதினேழு வயதுப் பிள்ளை தன்னையே பாட்டுடைத் தலைவனாக்கி, அந்த மிகையை உண்மை வாழ்க்கை வரலாறு என்று கையொப்பமிட வேண்டியிருக்கிறது. எழுதக் கற்றுக்கொள்ளும் வயதில் ஒருவன் கற்பது இதுவானால், பிறகு அவன் எதை எழுதினாலும் அதில் தலைவன் வந்து உட்கார்ந்துகொள்வான்.

சரி, வென்றவருக்காவது பணம் முழுமையாய்ச் சேர்கிறதா? அங்கேயும் ஒரு வேடிக்கை. வெளியிலிருந்து உதவித்தொகை கிடைத்ததென்று அறிந்ததும், பல கல்லூரிகள் தாம் தருவதாகச் சொன்ன உதவியில் அத்தொகையைக் கழித்துக்கொள்கின்றன. மாணவனின் தேவை இவ்வளவு என்று முன்பே கணக்கிட்டாயிற்று, புதுப்பணம் வந்ததால் தேவை குறைந்தது என்பது அவர்கள் வாதம். ஏழைப் பிள்ளை எழுதி வென்ற பரிசில் இவ்வாறு கல்லூரியின் கணக்கில் வரவாகிறது. கல்லூரி உதவியே தேவைப்படாத வீட்டுப் பிள்ளைக்கோ பரிசில் முழுதும் கையில் நிற்கிறது. அரசுக் கல்லூரிகளில் இதற்குக் கட்டுப்பாடு விதித்த முதல் மாநிலம் மேரிலாந்து, ஆண்டு 2017. அதன்பின் வேறு சில மாநிலங்களும் சட்டம் செய்தன. நாடு முழுவதற்குமான தடை இல்லை. தலைமைப் போட்டி நடத்துவோரில் எத்தனை பேர் இதைப் படிவத்தின் முதல் பக்கத்தில் அச்சிடுகிறார்கள் என்று விண்ணப்பிப்போர் பார்த்துக்கொள்ளட்டும்.

நம்மவர் எழுப்பக்கூடிய மறுப்பு நமக்குத் தெரியும். மதிப்பெண்ணையே கட்டிக்கொண்டு அழும் நாட்டிலிருந்து பேசுகிறீர்கள். மனிதனை முழுதாகப் பார்க்கும் முறையைக் குறை சொல்லலாமா? மதிப்பெண் வழிபாட்டின் கொடுமையை ஆண்டுதோறும் வகுப்பறையில் பார்ப்பவர்கள் நாம். அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் 'முழு மனிதனைப் பார்த்தல்' இந்நாட்டிலும் நடந்ததுண்டு. ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்காணலுக்கு 50. அந்த நேர்காணலோ தலைக்கு இரண்டு மூன்று நிமிடம். எழுத்தில் முன்னின்றவர்கள் பின்தள்ளப்பட்டு வழக்குத் தொடுத்தபோது, நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று 1980இல் உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. முழு மனிதனைப் பார்ப்பதாகச் சொல்கிறவன் எத்தனை நிமிடம் பார்க்கிறான் என்று கேட்பது மதிப்பெண் வழிபாடாகாது.

அமெரிக்காவிலேயே இதை உணர்ந்து எழுதியவர்கள் உண்டு. வில்லியம் டெரெசிவிச் 2009இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி மாணவர் முன் ஆற்றிய உரையில், தலைவர்கள் என்று நாம் வளர்ப்பவர்கள் வளையத்துக்குள் தாவத் தெரிந்தவர்களே என்றும், தனிமையில் நெடுநேரம் சிந்திக்கப் பழகாதவருக்குத் தலைமை கைகூடாது என்றும் பேசினார். சூசன் கெய்ன் 2017இல் எழுதிய கட்டுரையொன்றில், உலகுக்குப் பின்பற்றுவோரும் குழுவாய் உழைப்போரும் தனித்து இயங்குவோரும் தேவை என்றார். இருவரையும் படித்து மகிழ்ந்த நமக்கு ஒரே மனத்தாங்கல். டெரெசிவிச் கடைசியில் மெய்யான தலைமை எது என்று சொல்லப் புறப்படுகிறார். நம் கேள்வி அதற்கு முந்தியது. கல்லூரிக்குப் போக ஒருவன் தலைவனாக இருக்க வேண்டியது ஏன்? நல்ல மொழிபெயர்ப்பாளராக, நிலநூல் அறிஞராக, ஒரு நூலகத்தின் அட்டவணையை முப்பதாண்டு பிழையின்றிக் காப்பவராக வரக்கூடிய பிள்ளைக்கு ஏன் பணம் கூடாது? நம் அகப்பாடல்களில் தலைவனுக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு இடம் தோழிக்கும் உண்டு. சொல்லப்போனால் அறிவு கூடியவள் அவள்தான். அவளுக்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

அப்படியானால் எப்படித் தேர்வது என்பீர்கள். தேவையை முதலில் பாருங்கள்; அதைக் கணக்கிடக் கருவிகள் அங்கே முன்பே இருக்கின்றன. படிப்பில் தகுதிக்கு ஒரு கீழ்வரம்பு வையுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறாய், வீட்டில் யாரைக் கவனித்துக்கொள்கிறாய் என்று இரண்டு நேரான கேள்விகள் கேளுங்கள், கட்டுரை வேண்டாம். அதன் பிறகும் ஆயிரக்கணக்கானோர் மிஞ்சினால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். நாம் விளையாட்டாகச் சொல்லவில்லை. உளவியலாளர் பாரி ஸ்வார்ட்ஸ் 2005இலேயே, தகுதியுடையோரில் குலுக்கல் முறையில் எடுப்பதே நேர்மை என்று உயர்தரக் கல்லூரிகளுக்குச் சொன்னார். மைக்கேல் சாண்டெல் 2020இல் வெளிவந்த தம் நூலில் அதையே வழிமொழிந்தார்.

குலுக்கலைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்காக உத்தரமேரூரை நினைவூட்டுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள். 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. நில உடைமை, வயது, கல்வி, ஒழுக்கம் என்று தகுதி வகுத்து, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, எழுத்தறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் சொல்கின்றன. நிலமுடைய பிராமணரின் சபை அது. பெண்ணுக்கோ உழுதவனுக்கோ அங்கே இடமில்லை. அதை மக்களாட்சியென்று மார்தட்டும் மேடைப் பேச்சில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் ஊரை ஆளும் வாரியத்துக்கே ஆள் எடுத்தபோதும், நீ ஏன் தலைவன் என்று எழுதித் தா என அவர்கள் யாரையும் கேட்கவில்லை. கணக்குக் காட்டாதவன் பெயரும் அவனுடைய உறவினர் பெயரும் குடத்துக்குள் போகக் கூடாது என்பதில்தான் கண்டிப்பாயிருந்தார்கள். உதவித்தொகைக் குழுவினர் அந்தப் பகுதியை மட்டுமாவது மொழிபெயர்த்து வாங்கிப் படிக்கலாம். சிறுவனுக்கும் குடத்துக்கும் அலைய வேண்டியதில்லை, அந்த வேலைக்கு ஒரு கணினி போதும்.